சப்ளையர் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு அனுப்பலாமா?

கொண்டலாம்பட்டியான்
வெள்ளி, இரவு 10:12

வணக்கம். சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சின்ன யூனிட் நடத்துகிறேன். படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு. தையலிலும் பேக்கிங்கிலுமாக 38 பேர். நூல் வாங்கிச் சாயத்துக்குக் கொடுத்து, ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறிகளில் கூலிக்கு ஓட்டி, துணியை இங்கே கொண்டுவந்து தைத்து அனுப்புகிறோம். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

ஜெர்மனியில் ஒரு பெரிய கடைத்தொடருக்கு, சென்னையில் அவர்களுக்காக ஆர்டர் கொடுத்து வாங்கும் பையிங் ஆஃபீஸ் மூலம் 6 வருடமாகச் சரக்கு போகிறது. இதுவரை வருடத்துக்கு ஒருமுறை ஆடிட் வருவார்கள், சான்றிதழ் காட்டுவோம், முடிந்தது. இந்த வாரம் 140 கேள்வி கொண்ட ஒரு எக்செல் ஷீட்டும், கையெழுத்துக்கு 9 பக்க ஒழுங்குவிதியும் வந்திருக்கின்றன. பத்து நாள் கெடு.

எனக்கு நெருடும் இடங்கள் நான்கு. எனக்கு வேலை செய்யும் தறி, சாயப்பட்டறை எல்லாவற்றின் பெயரும் முகவரியும் கேட்கிறார்கள். கடனால் கட்டுண்ட தொழிலாளி யாரும் என் சப்ளை சங்கிலியில் இல்லை என்று நான் உறுதி தரவேண்டும். எந்த அரசு ஊழியருக்கும் எந்தக் காலத்திலும் பணம் கொடுத்ததில்லை என்று ஒரு வரி. கடைசியாக, எங்கே எந்த மீறல் வந்தாலும் நஷ்டம் முழுக்க என் தலையில், நிலுவைத் தொகையையும் நிறுத்திவைப்பார்களாம்.

பையிங் ஆஃபீஸில் கேட்டால், “சார், எல்லாரும் யெஸ் போட்டு அனுப்பிட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி” என்கிறார்கள். போட்டுவிடலாமா? பட்டவர்கள் சொல்லுங்க.

தட்டுவடைசெட்டு
வெள்ளி, இரவு 10:31

140 கேள்விக்கும் ‘ஆம்’ போட்டால் சந்தேகம் வரும் அண்ணா. 137 போடுங்க.

பழைய_பர்ச்சேஸ்
வெள்ளி, இரவு 11:05

தம்பி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் 22 வருடம் பர்ச்சேஸ். இதே மாதிரிப் படிவங்களை நானே சேலம், கோவைப் பட்டறைகளுக்கு அனுப்பியிருக்கிறேன். எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ வந்தால் நாங்கள் படித்ததே இல்லை, ஃபைலில் போட்டுவிடுவோம். அது எங்களைக் காப்பாற்றும் காகிதம். நாளைக்கு ஏதாவது வெடித்தால், “பாருங்கள், இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்” என்று எடுத்துக் காட்டத்தான் அது.

கையெழுத்துப் போடும்வரை ஒரு மீறல் உங்கள் சரக்கில் இருக்கும் குறை. போட்டபின் அது நீங்கள் சொன்ன பொய். குறைக்கு அவகாசம் தருவார்கள். பொய்க்கு எந்த வாங்குபவரும் தரமாட்டார்.

உங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடர், எகிப்துப் பருத்தி என்று விற்ற சுமார் ஏழரை லட்சம் விரிப்பு, தலையணை உறைகளில் வேறு பருத்தி இருப்பதைக் கண்டுபிடித்து, இந்தியாவின் மிகப் பெரிய விரிப்பு உற்பத்தியாளர்களில் ஒருவரோடு உறவை முறித்தது. பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனி பட்ட பாடு நினைவிருக்கலாம். துணி கிழிந்தது என்று யாரும் புகார் சொல்லவில்லை. சொன்னது ஒன்று, உள்ளே இருந்தது ஒன்று, அவ்வளவுதான் குற்றம்.

தறிச்சத்தம்
சனி, காலை 6:48

நான் ஜலகண்டாபுரம்தான். 16 தறி. இந்தக் கடன் கேள்வியைப் பற்றி நான் பேசியே ஆகவேண்டும்.

முன்பணம் இல்லாமல் இந்தப் பக்கம் தறி ஓட்ட ஆள் வருவாரா? ஒருவருக்கு 60 ஆயிரம், புருஷன் பெண்டாட்டி இருவரும் வந்தால் ஒன்றரை லட்சம் வரை கொடுத்திருக்கிறேன். வட்டி கிடையாது. பொண்ணு கல்யாணம், ஆஸ்பத்திரி, ஸ்கூல் ஃபீஸ் எதுக்கு வேண்டுமானாலும் வந்து நிற்பார்கள், கொடுப்போம். பேங்க் கொடுக்குமா? ஜெர்மன்காரன் கொடுப்பானா? இரண்டு பேர் பணத்தை வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகக் கிளம்பிப் போனார்கள், நான் யாரிடம் போய் அழுவது? இதைக் கொத்தடிமை என்று யாராவது சொன்னால் வயிறு எரிகிறது.

செக்லிஸ்ட்
சனி, காலை 9:20

எட்டு வருடம் சோஷியல் ஆடிட்டராக (தொழிலாளர் நிலைமையைச் சோதிப்பவராக) இருந்தேன், பெரும்பாலும் கரூர், ஈரோடு, சேலம். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் வாய்விட்டுப் பேசலாம்.

“வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட், சான்றிதழ், முடிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நம்பிக்கை 2012-லேயே எரிந்துபோனது. அந்த வருடம் செப்டம்பர் 11-ஆம் தேதி கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் வாங்கியிருந்தார்கள். அங்கே தைத்த ஜீன்ஸின் முக்கிய வாடிக்கையாளர் ஒரு ஜெர்மன் கடை. அடுத்த ஏப்ரலில் டாக்காவில் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர். அந்தக் கட்டடத்திலும் ஆடிட் நடந்த யூனிட்கள் இருந்தன. ஜெர்மனியில் சப்ளை சங்கிலிச் சட்டம் வந்ததற்கு இந்தச் சாவுகள் ஒரு முக்கியக் காரணம். 2023 ஜனவரியில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளுக்கு, அடுத்த வருடம் 1,000 பேருக்கு என்று இறக்கினார்கள். உங்களுக்கு வந்த 140 கேள்வி அங்கிருந்து வருகிறது.

இன்னொன்று. ‘ஆம்’ போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பவர்களுக்காக நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்போம் என்று சொல்கிறேன். வருகைப் பதிவேட்டை நாங்கள் முதலில் பார்ப்பதில்லை, அதை எல்லோரும் அழகாக எழுதி வைத்திருப்பார்கள், ஆறு மாதத்துக்கும் ஒரே பேனா. உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்போம். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி உடைந்திருக்கும். மெட்டல் டிடெக்டர் லாக்கில் இரவு 11 மணி இருக்கும். ஈபி ரீடிங் லீவு நாளிலும் ஏறியிருக்கும். இத்தனை மிஷின், இத்தனை ஷிஃப்ட், ஒரு நாளைக்கு இத்தனை பீஸ் என்று கணக்குப் போட்டால், அனுப்பிய சரக்கில் பாதிகூட அந்தக் கட்டடத்தில் தைத்திருக்க முடியாது என்று தெரியும். மீதியை எங்கே தைத்தீர்கள்? அந்தக் கேள்வியில்தான் முதலாளிகளுக்கு வியர்க்கும்.

தறிச்சத்தம் அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்களிடம் 60 ஆயிரம் வாங்கியவர், 40 ஆயிரம் பாக்கி இருக்கும்போது பக்கத்துத் தறிக்குப் போகிறேன் என்றால் போகமுடியுமா?

தறிச்சத்தம்
சனி, காலை 9:52

பக்கத்துத் தறிக்காரர் பாக்கியைக் கட்டினால் தாராளமாகப் போகலாம். எப்போதும் அப்படித்தான்.

பாவு_ஓட்டி
சனி, மதியம் 1:15

அந்த “பாக்கியைக் கட்டினால்” என்பதில்தான் எங்கள் வீடு பல வருடம் இருந்தது.

அப்பா தறி ஓட்டினார், அம்மா தார் (ஊடைநூல்) சுற்றினார். முதல் முன்பணம் 8 ஆயிரம், அக்கா பிறந்தபோது. அதற்குப் பிறகு அது இறங்கியதே இல்லை. ஆடிக்கு, தீபாவளிக்கு, காய்ச்சலுக்கு, ஒவ்வொன்றுக்கும் மேலே ஏறியது. முதலாளி கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, வட்டி போட்டதில்லை. தறிச்சத்தம் அண்ணா சொல்கிற மாதிரிதான் அவரும். ஆனால் வெளியே மீட்டருக்குக் கூலி ஏறினாலும் எங்களுக்கு ஏறாது. கேட்டால், “பாக்கியை வெச்சுட்டுப் பேசு” என்பார். வேறு தறிக்குப் போவதென்றால் புது முதலாளி பழைய பாக்கியைக் கட்டி அப்பாவை எடுத்துக்கொள்வார். கடன் அப்படியே கூட வரும், முதலாளி மட்டும் மாறுவார். இப்படி மூன்று முறை மாறினோம்.

நான் படித்து இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் அந்த பாக்கியைக் கட்டி முடித்தேன். வட்டி இல்லாத கடன்தான். ஆனால் கூலியில் குறைந்ததை யாரும் வட்டி என்று எழுதவில்லை.

செக்லிஸ்ட்
சனி, மதியம் 1:40

இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. 1976-ஆம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் சங்கிலியையும் பூட்டையும் தேடவில்லை. முன்பணத்துக்காக ஒருவர் வேறிடத்தில் வேலை தேடும் உரிமையையோ நடமாடும் உரிமையையோ இழந்தால், அல்லது உரிய கூலி கிடைக்காமல் உழைத்தால், அதையே கொத்தடிமை என்கிறது. மூன்று வருடம் வரை சிறை உண்டு, அந்தக் கடனும் செல்லாது. முதலாளி நல்லவரா கெட்டவரா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை.

முன்பணம் கொடுப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சீட்டு இருக்கிறதா, மாதம் எவ்வளவு பிடிக்கிறீர்கள், பிடித்தபின் கையில் எவ்வளவு போகிறது, பாக்கி இருந்தாலும் ஆள் கிளம்பலாமா, இவைதான் கேள்வி.

கணக்குப்பிள்ளை
சனி, மாலை 5:30

கொஞ்சம் எண்ணுக்கு வருவோம். கொண்டலாம்பட்டியான், இரண்டு கேள்வி.

ஒன்று, உங்கள் சாயம் ஒரே பட்டறையில்தான் நடக்கிறதா? சும்மா கேட்கவில்லை. நூலைக் கூலிக்கு அனுப்பினால் டெலிவரி செல்லான் இருக்கும், அதை ஐடிசி-04 என்ற ஜிஎஸ்டி படிவத்தில் காட்டவேண்டும் (5 கோடிக்கு மேல் விற்றுமுதல் என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இல்லையென்றால் வருடத்துக்கு ஒருமுறை). படிவத்தில் எழுதும் பட்டறைகளும் ஜிஎஸ்டியில் காட்டிய பட்டறைகளும் ஒன்றாக இருக்கவேண்டும். ஓர் இடத்தில் மூன்று, இன்னோர் இடத்தில் ஒன்று என்றால், பொய்யை நீங்களே அரசாங்கத்திடம் பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டு, தறிக்கும் சாயத்துக்கும் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்?

கொண்டலாம்பட்டியான்
சனி, இரவு 9:44

நேர்மையாகவே சொல்லிவிடுகிறேன், இங்கே யாருக்கும் என்னைத் தெரியாது.

சாயம் இரண்டு இடம். பெரியது, சுத்திகரிப்பு நிலையம் உள்ளது, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி எல்லாம் உண்டு. ஆடிட்டர் வந்தால் அங்கேதான் அழைத்துப் போவோம். ஆனால் அவர்களுக்கு ஒரு ஷேடுக்கு (நிறத்துக்கு) குறைந்தது 200 கிலோ வேண்டும், பத்து நாள் ஆகும். ஜெர்மனியிலிருந்து கடைசி நேரத்தில் 40 கிலோவுக்கு ஷேடு மாற்றினால் என்ன செய்வது? ஊருக்குள் ஒரு சின்னப் பட்டறை இருக்கிறது, இரவில் போட்டால் காலையில் கிடைக்கும். அங்கே அனுமதி இல்லை. தண்ணீர் எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. செல்லானும் போடுவதில்லை.

பணம்... 90 நாள். சில சமயம் 100. எனக்கே பையிங் ஆஃபீஸ் அப்படித்தான் தருகிறது.

தட்டுவடைசெட்டு
சனி, இரவு 9:58

தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். என் வீடு திருமணிமுத்தாற்றங்கரை.

சேர்வராயன் மலையில் பிறக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் ஆறு. ஊருக்குள் வந்தால் என்ன நிறம் என்று அன்றன்றைக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு தடவை பாலத்தில் நின்று, “இந்த சீசன் பிங்க் போல” என்று நண்பனிடம் சொன்னேன். சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. மழை பெய்தால் நுரை ரோட்டுக்கே வந்துவிடும்.

பழைய_பர்ச்சேஸ்
சனி, இரவு 10:40

உங்கள் படிவத்தில் மிகப் பெரிய ரிஸ்க் அந்த 40 கிலோதான் தம்பி. தரம், விலை, கெடு மூன்றிலும் நீங்கள் ஒழுங்காக இருந்தும், ஒரு வருடத்துச் சரக்கில் அரைச் சதவீதம்கூட வராத ஒரு நூல் கட்டு மொத்த ஆர்டரையும் இழுத்துக்கொண்டு போகும்.

திருப்பூரில் நடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அனுமதி இருந்தவன், இல்லாதவன், சுத்திகரிப்பு வைத்தவன், வைக்காதவன் எல்லோரும் ஒரே நாளில் நின்றார்கள். நான் அப்போது ஓசூரில். எங்கள் யூனிஃபார்ம் துணிகூட வரவில்லை. துணிக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றுவரை நினைத்திருந்தேன். சப்ளையர் ரிஸ்க் என்றால் ஆள் பணத்தோடு ஓடிவிடுவானா, மிஷின் உடையுமா என்று மட்டும் பார்த்த காலம் எனக்கு அதோடு போனது. சட்டத்தை மீறும் பட்டறை எப்போது வேண்டுமானாலும் மூடப்படும் பட்டறை. நீதி நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வெறும் டெலிவரிக் கணக்கில் பார்த்தாலும் அது ஆகாத சப்ளையர்.

கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 8:10

90 நாள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை யாரும் ஒழுங்குவிதியில் சேர்த்துப் பார்ப்பதில்லை.

உங்கள் தறிக்காரர், சாயக்காரர் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு, சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் வருட எம்எஸ்எம்இ சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதை யாரும் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம். அதனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிப் பக்கம் ஒரு கொக்கி போட்டார்கள், 43பி(எச்) பிரிவு. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை உண்மையில் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்கலாம். மார்ச் 31-இல் நீங்கள் வைத்திருக்கும் பழைய பாக்கி உங்கள் லாபமாகி, அதற்கு வரி கட்டுவீர்கள்.

இப்போது கோட்டை இழுத்துப் பாருங்கள். ஜெர்மன்காரர் பையிங் ஆஃபீஸுக்குத் தாமதிக்கிறார், அவர்கள் உங்களுக்கு, நீங்கள் தறிச்சத்தம் அண்ணாவுக்கு 90 நாள். அவர் வாரக்கூலியை எதிலிருந்து கொடுப்பார்? கொடுக்க முடியாத வாரத்தில் ஆள் ஓடாமலிருக்க எது பிடித்து வைக்கிறது? முன்பணம்.

தறிச்சத்தம்
ஞாயிறு, காலை 8:33

இதைத்தான் நான் நேற்றிலிருந்து சொல்ல வருகிறேன், வார்த்தை வரவில்லை. நன்றிங்க.

ஏற்காடு_மிளகு
ஞாயிறு, காலை 11:20

துணி விஷயம் எனக்குத் தெரியாது, ஆனால் இதே கூத்து மலையிலும் நடக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

சேர்வராயனில் காப்பி வந்து 200 வருடம் இருக்கும், காக்பர்ன் துரை காலத்திலிருந்து. இதுவரை எங்களிடம் யாரும் கேட்டது ஈரப்பதம், கொட்டை சைஸ், விலை. இப்போது ஐரோப்பாவில் காடழிப்புக்கு எதிரான சட்டம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காட்டை அழித்த நிலத்தில் விளைந்த காப்பி உள்ளே வரக்கூடாது. அதற்கு ஆதாரமாக ஒவ்வொரு தோட்டத்தின் ஜிபிஎஸ் புள்ளி, 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லைக்கோடே வரைந்து தரவேண்டும். அமலாகும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள், ஆனால் வியாபாரி வந்து போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போய்விட்டார்.

என் தோட்டத்தில் மரம் வெட்டினதே கிடையாது, வெட்டினால் மிளகு எதில் ஏறும்? எனக்குப் பிரச்சினை வேறு. என் மூட்டையும் பக்கத்து ஊர் மூட்டையும் ஒரே லாரியில் ஏறி, கீழே ஒரே குவியலாகக் கொட்டப்படுகின்றன. என் புள்ளி சுத்தம், குவியல் சுத்தமா என்று யார் சொல்வது? அதனால் இந்த வருடம் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தனியாக மூட்டை கட்டினோம், தனி நூல், தனி அடையாளம். வேலை இரட்டிப்பு. விலை ஒரு ரூபாய் கூடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். கேட்பவர்கள் யாரும் அதற்கான செலவைக் கேட்பதில்லை.

வெள்ளிக்கொலுசு
ஞாயிறு, மதியம் 12:05

சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. எங்களிடம் ஒரு நகைக்கடைத்தொடர் கேட்ட முதல் கேள்வி, பற்ற வைக்கும் பொடியில் கேட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறதா. இல்லை என்று எழுதிக் கொடுத்தேன், என் பட்டறையில் இல்லை. ஆனால் சலங்கை பிடிக்க 11 வீடுகளுக்கு அனுப்புகிறேன், அந்த வீடுகளில் அடுப்பங்கரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊதுகிறார்கள், குழந்தை பக்கத்தில் விளையாடுகிறது. எழுதிக் கொடுத்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் நானே பொடி வாங்கிக் கொடுக்க ஆரம்பித்தேன். கிலோவுக்குச் செலவு கொஞ்சம் கூடுகிறது. வேறு எதுவும் மாறவில்லை, கடை ஒன்றும் கேட்கவில்லை.

கொண்டலாம்பட்டியான்
ஞாயிறு, இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. லஞ்ச வரிக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. லைசன்ஸ் புதுப்பிக்க ஓர் அலுவலகத்துக்குப் போனால் ஆயிரம், இரண்டாயிரம் இல்லாமல் ஃபைல் மேசையிலிருந்து நகராது. “எந்தக் காலத்திலும் கொடுத்ததில்லை” என்று எழுத என் கை கூசுகிறது. அப்புறம் அந்த நஷ்ட விதி?

பழைய_பர்ச்சேஸ்
ஞாயிறு, இரவு 9:36

கூசினால் நல்லது. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் 7 வருடம் வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்தால்தான் விலக்கு. “எந்தக் காலத்திலும்” என்ற சொல்லை அடித்துவிட்டு, இந்தத் தேதியிலிருந்து கொடுக்கமாட்டோம், யாராவது கேட்டால் எழுத்தில் உங்களுக்குத் தெரிவிப்போம் என்று மாற்றித் திருப்பி அனுப்புங்கள். நாங்கள் அனுப்பிய ஒப்பந்தங்களில் திருத்தம் போட்டு வந்தது நூற்றுக்கு இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்று பேரைத்தான் கடைசிவரை வைத்திருந்தோம், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக.

கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால்? கொஞ்சம் முன்னதாக விண்ணப்பியுங்கள். கெடு முடியும் நாளில் ஓடினால்தான் விலை கேட்பார்கள். எல்லா இடத்திலும் இது நடக்காது என்று எனக்கும் தெரியும்.

நஷ்ட விதியை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த ஜெர்மன் சட்டத்தைக் கண்காணிக்கும் பாஃபா அலுவலகமே, பொறுப்பை மொத்தமாகச் சப்ளையர் தலையில் கட்டிவிட்டுக் கம்பெனி கைகழுவ முடியாது என்று வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லியே கேளுங்கள். நாங்கள் தெரிந்து மறைத்த மீறலுக்கு நாங்கள் பொறுப்பு, நாங்களே முன்வந்து சொன்ன குறைக்குச் சரிசெய்ய அவகாசம், அதுவரை பணத்தை நிறுத்தக்கூடாது. இவ்வளவுதான் கேட்கவேண்டியது.

செக்லிஸ்ட்
ஞாயிறு, இரவு 10:02

பழைய பர்ச்சேஸ் ஐயா சொல்வதோடு ஒன்று. சின்னப் பட்டறையை நாளைக்கே கைவிட்டுவிட்டு, “எங்களுக்கு ஒரே சாயப்பட்டறைதான்” என்று சுத்தமாக எழுதிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிய சரக்கில் அந்த நூல் இருக்கிறது. எழுதுங்கள், இந்தத் தேதிவரை கொடுத்தோம், இந்தத் தேதியோடு நிறுத்தினோம், காரணம் கடைசி நேர ஷேடு மாற்றம். அந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். சரக்கு அனுப்பும் தேதிக்கு முந்தைய 21 நாளில் ஷேடு மாற்றமாட்டோம் என்று அவர்களிடம் ஓர் உறுதி வாங்குங்கள். வாங்குபவரின் அவசரம் இல்லாமல் ராத்திரிச் சாயம் இல்லை.

அப்புறம் ஆடிட்டர் வரும் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் வந்து, தறி நிற்பதைப் பார்த்து, “உற்பத்தித் திறன் இல்லை” என்று எழுதிவிட்டுப் போனவரை எனக்குத் தெரியும். (நான்தான் அது. முதல் வருடம்.)

தட்டுவடைசெட்டு
ஞாயிறு, இரவு 10:09

அக்கா, அந்த ரிப்போர்ட்டில் கூழ் பற்றி ஏதாவது எழுதினீர்களா?

நெறியாளர்
திங்கள், காலை 7:30

இழை நன்றாகப் போகிறது. பட்டறைகளின் பெயரோ, அலுவலகத்தின் பெயரோ யாரும் போடவேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கொண்டலாம்பட்டியான்
மூன்று வாரம் கழித்து, புதன், இரவு 9:15

என்ன ஆயிற்று என்று தனியாக நான்கைந்து பேர் கேட்டீர்கள்.

140-இல் 117 ‘ஆம்’, 14 ‘இல்லை’, ஒன்பதுக்குத் தேதி போட்டு ‘நடந்துகொண்டிருக்கிறது’. சின்னப் பட்டறையை எழுதினேன். பையிங் ஆஃபீஸ் மெர்ச்சண்டைசர் போன் செய்து கத்தினார், “எதுக்கு சார் இதெல்லாம் எழுதறீங்க, எங்க மத்த சப்ளையருக்கும் கேள்வி வரும்” என்றார். வரட்டும். பத்து நாள் சத்தமே இல்லை, ஆர்டர் போச்சு என்றே இரண்டு ராத்திரி நினைத்தேன். அப்புறம் ஜெர்மனியிலிருந்து ஒரு பெண்மணி வீடியோ காலில் வந்தார். ஒன்றரை மணி நேரம். அவர் கேட்ட முதல் கேள்வி, ஷேடு மாற்றம் எத்தனை முறை வந்தது என்று. 11 முறை என்று மெயில்களைக் காட்டினேன். அவருக்கே அது தெரியாது.

21 நாள் கேட்டேன், 14 நாள் தந்தார்கள். பெரிய சாயப்பட்டறையில் 50 கிலோ சின்ன மிஷின் ஒன்று சும்மா நிற்பதாகத் தெரிந்தது. கிலோவுக்குக் கூடுதல் கூலி கொடுத்தால் எங்களுக்கு ஓட்டுவார்கள். அந்தக் கூடுதலை விலையில் ஏற்றக் கேட்டேன், அதற்கு மட்டும் “பரிசீலிக்கிறோம்”. ஏற்காடு அண்ணா சிரிப்பது கேட்கிறது.

நஷ்ட விதியில் ஒரு வரி மாறியது, முழுதாக இல்லை. தறிக்கு 45 நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த மாதம் அதற்காக ஓவர்டிராஃப்ட் எடுத்தேன், அடுத்த மாதம் எப்படி என்று பார்க்கவேண்டும். முன்பணத்துக்கு ஆறு மாதம் அவகாசம். இன்று தறிச்சத்தம் அண்ணாவை நேரிலேயே பார்த்தேன். அவர் என் தறிக்காரருக்குப் பங்காளி என்று அப்போதுதான் தெரிந்தது. நாம் எல்லாம் அநாமதேயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தறிச்சத்தம்
புதன், இரவு 10:20

முன்பணச் சீட்டு ஒன்று அடித்திருக்கிறோம். எழுதியதைப் போடுகிறேன், தப்பிருந்தால் சொல்லுங்க.

பெயர், தொகை, தேதி. வட்டி இல்லை. மாதம் கூலியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது. கூலி உயர்வு பாக்கி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றே. ஒவ்வொரு மாதமும் பாக்கி எவ்வளவு என்று சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்து. சீட்டு ஆளிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அவசரத்துக்கு மறுபடி வாங்கினால் தனிச் சீட்டு. எட்டாவதாக, பாக்கி இருந்தாலும் வேறு தறிக்குப் போகலாம், மீதியை மாதத் தவணையில் கட்டலாம்.

எட்டாவதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது, மறைக்கவில்லை. இரண்டு பேர் போய்விடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாவு_ஓட்டி
புதன், இரவு 10:47

அண்ணா, எட்டாவதை முதலாவதாகப் போடுங்க. எங்க அப்பா மாதிரி ஆட்கள் தொகையைப் பார்த்துவிட்டுக் கைநாட்டு வைத்துவிடுவார்கள், எட்டாவது வரிவரை வரமாட்டார்கள்.

தறிச்சத்தம்
வியாழன், காலை 6:35

சரிம்மா. மாற்றியாச்சு. அச்சகத்தில் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.